சலூன் போன மறுநாள்

பெரிய மனிதர் ஒருவர் ரயிலில் வருகிறார் என்றால் வழியில் இருக்கும் பட்டிக்காட்டு ஸ்டேஷனுக்கும் ஒரு நாள் கல்யாணக் களை வந்துவிடும். சுண்ணாம்பு அடிப்பார்கள், மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட அன்று வேறு இடம் பார்க்க வேண்டிவரும். அந்தக் காலத்தில் வந்தவர் இளவரசராகவோ வைசிராயாகவோ இருந்தார். இந்தக் காலத்தில் மந்திரியாகவோ ரயில்வேயின் மேலதிகாரியாகவோ இருக்கிறார். வருகிறவர் மாறினாலும் சுண்ணாம்பு மாறவில்லை.

நான் டிப்ளமோ முடித்து, 1980களில் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன். பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர் என்று அப்போது பெயர், சுருக்கமாக பி.டபிள்யூ.ஐ. பிறகு செக்ஷன் இன்ஜினியர் என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, வெயிலில் டிராலியில் போய்த் தண்டவாளத்தைப் பார்க்கும் வேலை மாறவில்லை. ஓய்வு பெறும் வரையில் எத்தனையோ ஸ்பெஷல் வண்டிகளுக்குப் பாதையைத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரு கருத்தை நம் சங்க இதழ் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு ஸ்டேஷனை அளக்க வேண்டுமானால் ராஜா வந்த நாளில் அளக்கக் கூடாது; சலூன் போன மறுநாளில்தான் அளக்க வேண்டும். அந்த மறுநாளைக் கேட்டு வாங்க வேண்டியது பயணிகளாகிய நம் பொறுப்பு.

மணியாச்சிக்கு வந்த இளவரசர்

இதற்கு நல்ல உதாரணம் நம்மில் பலருடைய பூர்வீகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு என்று பட்டம் சூடிய வேல்ஸ் இளவரசர், 1875ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். பேப்பூரில் இறங்கி ஆனைமலைக் காடுகளில் வேட்டையாடுவது முதலில் போட்ட திட்டம். இன்றைய கேரளத்தின் முதல் ரயில் 1861ல் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டே அந்தப் பாதை நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மதராஸ் வரை தொடர்ந்துவிட்டது. ஆகவே திட்டப்படி எல்லாம் நடந்திருந்தால் இளவரசரின் வண்டியைப் பாலக்காட்டுக்காரர்களின் கொள்ளுப்பாட்டனார்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் பக்கம் காலரா பரவியிருந்ததால் வேட்டையைக் கைவிட்டு, இளவரசர் கப்பலிலேயே இலங்கைக்குப் போய்விட்டார்.

இலங்கையிலிருந்து 1875 டிசம்பர் 10ஆம் தேதி தூத்துக்குடியில் வந்து இறங்கினார். தென்னிந்திய ரயில்வே கம்பெனி அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி வழியாக மதுரைக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டு முடித்திருந்தது. பொதுமக்களுக்கு அந்தப் பாதை திறந்தது 1876 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே இளவரசரின் வண்டி அதில் ஓடிவிட்டது. இன்ஜினியர் என்ற முறையில் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாதையைப் போட்டவர்களை நினைத்துப் பரிதாபப்படுவேன். புதிதாகப் போட்ட பாதை சில மழைக்காலம் பார்த்த பிறகுதான் இறுகி உட்காரும். அதிலும் அது கரிசல் மண். மழையில் ஊறி உப்பும், வெயிலில் பிளக்கும். அந்த மண்ணில், இன்னும் ஊர் ஏறாத பாதையில், சாம்ராஜ்யத்தின் வாரிசை ஏற்றி அனுப்ப வேண்டும் என்றால் எத்தனை கூலியாட்கள் எத்தனை இரவு ஜல்லி குத்தியிருப்பார்கள்! அவர்கள் பெயர் எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மணியாச்சி அன்று ஒரு பொட்டல்வெளி. தூத்துக்குடிப் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் சேரும் இடம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது. அங்கே திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி இளவரசருக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அந்தக் கூட்டத்தின் முன்னணியில் இருந்தார். அந்த நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்ததும் அதே 1875ல்தான். இளவரசர் பதில் சொன்னார், வண்டி புறப்பட்டது, மதுரை, திருச்சி பார்த்துக்கொண்டு மதராஸ் போய்ச் சேர்ந்தார். மணியாச்சியில் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

மறுநாள் வந்தது பஞ்சம்

மறுநாள் என்று நான் சொல்வது இதைத்தான். 1876ல் மழை பொய்த்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1878 வரை நீடித்து, மதராஸ் ராஜதானியில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம் அது. அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877 ஜனவரி 1ஆம் தேதி, டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள்.

ரயில் இருந்ததே, தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொண்டுவந்தார்கள். ஆனால் தண்டவாளத்துக்கு யார் பசித்திருக்கிறார் என்று தெரியாது. எங்கே விலை அதிகமோ அங்கே தானியம் போகும். கையில் காசு இல்லாதவன் ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்தாலும் மூட்டை அவனைத் தாண்டித்தான் போகும். பஞ்சத்துக்குப் பிறகு அமைத்த கமிஷன், 1880ல் கொடுத்த அறிக்கையில், பஞ்சத்தைத் தடுக்க இன்னும் ரயில் பாதைகள் வேண்டும் என்றது. வேண்டியதுதான். ஆனால் பாதை மட்டும் போதாது, அதில் யாருக்காக என்ன ஓடுகிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும் என்பதை அந்த மூன்று வருஷம் காட்டிவிட்டது.

அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னுமாகத் தென்பாண்டிச் சீமையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஒரு பக்கம். 1880களிலிருந்து கண்ணன் தேவன் மலையில் காடு வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியபோது மூணாறுக்கு நடந்தே ஏறியவர்கள் இன்னொரு பக்கம். கயத்தாறு, சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கத்துக் குடும்பங்கள் மூணாறில் இன்றும் பல தலைமுறையாக இருக்கின்றன. இளவரசர் சில நிமிஷம் நின்ற மணியாச்சி, அந்தச் சீமையின் ஆயிரமாயிரம் குடும்பங்கள் மூட்டையை இறக்கி வண்டி மாறிய இடம். அவர்களுக்கு யாரும் தோரணம் கட்டவில்லை. ஆனால் அந்த ஸ்டேஷனை இன்று வரை உயிரோடு வைத்திருப்பது அவர்கள் வாங்கிய மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுதான்.

மணியாச்சிக்கு இன்னொரு நாளும் உண்டு. 1911 ஜூன் 17ஆம் தேதி காலை, முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை, செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்க அப்போது ஐந்தே நாள் இருந்தது. வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதம் அந்த முடிசூட்டலைத்தான் குறிப்பிட்டது. கொலையைப் போற்றுவது என் நோக்கமல்ல. அந்தக் கடிதத்தில் உள்ள எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடும் அல்ல. நான் சொல்ல வந்தது வேறு. தந்தைக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்த அதே ஸ்டேஷனில், முப்பத்தாறு வருஷம்கூட ஆகாமல், மகனின் முடிசூட்டலுக்கு எதிராக ரத்தம் சிந்தியது. இன்று அந்த ஸ்டேஷனின் பெயர்ப் பலகையில் இருப்பது வாஞ்சி மணியாச்சி. தோரணத்தைக் கண்டு ஜனங்களின் மனதை அளக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இளவரசரின் சொந்த ஊர் ஸ்டேஷன்

அதே இளவரசர் இங்கிலாந்தில் சான்ட்ரிங்ஹாம் என்னும் கிராமத்தில் 1862ல் ஒரு மாளிகை வாங்கினார். அதே ஆண்டில் அதற்குப் பக்கத்தில் வுல்ஃபர்ட்டன் என்ற சிறு ஸ்டேஷன் திறந்தது. அன்று முதல் மூன்று நான்கு தலைமுறை ராஜாக்களும் ராணிகளும் ஐரோப்பாவின் அரச விருந்தாளிகளும் அங்கேதான் இறங்கினார்கள். அரச குடும்பம் காத்திருக்கத் தனிக் கட்டடமே கட்டினார்கள். 1952ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது அவர் உடலை லண்டனுக்கு ஏற்றியதும் அந்த ஸ்டேஷனில்தான்.

அப்படிப்பட்ட ஸ்டேஷன் என்ன ஆயிற்று? 1969ல் மூடிவிட்டார்கள். அந்தப் பாதையையே பெயர்த்துவிட்டார்கள். அரச குடும்பம் வருஷத்துக்குச் சில தடவை வருவதை நம்பி ஒரு பாதையை வைத்திருக்க முடியாது. தினம் ஏறி இறங்கும் ஜனம் வேண்டும். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் தனி ரயிலையே 2027க்குள் நிறுத்திவிடப் போவதாக 2025ல் அவர்களே அறிவித்துவிட்டார்கள்.

ராஜா மாளிகை வாங்கிய ஊரின் ஸ்டேஷன் போய்விட்டது. ராஜா ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்த பொட்டல் மணியாச்சி, ஜங்ஷனாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் பயணிகள்தான். இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ராஜாக்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று சொல்லமாட்டேன். நம் பக்கத்துக் கொச்சி சமஸ்தானத்தை ஆண்ட ராமவர்ம மகாராஜா ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் கொண்டுவந்தார். பணத்துக்காகத் திருப்பூணித்துறைக் கோவில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது கேரளத்தில் எல்லாரும் சொல்லும் கதை. 1902ல் வண்டி ஓடியது. ரயிலில் வந்து கையசைத்த ராஜாவைவிட, ஜனங்களுக்கு ரயிலைக் கொண்டுவந்த ராஜாவை நான் பெரியவர் என்பேன். ஆனால் அவர் கட்டிய எர்ணாகுளம் பழைய ஸ்டேஷனுக்கும் நாளடைவில் பயணிகள் வண்டிகள் வராமல் போயின. புதிய ஸ்டேஷன்கள் பக்கம் போக்குவரத்து நகர்ந்ததும், பழையது புதர் மண்டிவிட்டது. தங்கம் கொடுத்துக் கட்டியிருந்தாலும் அதே விதிதான்.

பூந்தொட்டிகளின் பிரயாணம்

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ரயில்வேக்குள்ளேயே ஆண்டுதோறும் ஒரு ராஜா வருகை உண்டு. அதற்கு ஆண்டு இன்ஸ்பெக்ஷன் என்று பெயர். சலூன்கள் கோத்த ஸ்பெஷல் வண்டியில் மேலதிகாரிகள் எல்லாரும் வருவார்கள். பழைய அரச வண்டிகளுக்கு முன்னால் பாதை பத்திரமா என்று பார்க்க ஒரு பைலட் எஞ்சின் ஓடும் என்று படித்திருக்கிறேன். எங்கள் நாளில் அந்த பைலட் எஞ்சின் நாங்கள்தான். இரண்டு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஃபிஷ் பிளேட்டுகளைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுவோம், ஜல்லியைச் சீவி ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வைப்போம், கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளையடிப்போம்.

பூந்தொட்டிகள் தனிக் கதை. ஒரு ஸ்டேஷனில் இருக்கும் நல்ல தொட்டிகளை ஸ்பெஷல் போனதும் லாரியில் ஏற்றி, அது நிற்கப் போகும் இன்னொரு ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். அதே குரோட்டன்ஸ் அங்கேயும் வரவேற்கும். எங்கள் கேங்கில் ஒரு மூத்த தொழிலாளி இருந்தார், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். தொட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “சார், நம்ம டிபார்ட்மென்ட்ல அதிகமா டூர் போறது இந்தத் தொட்டிங்கதான். இதுகளுக்கும் டி.ஏ. போடச் சொல்லுங்க.” எல்லாரும் சிரித்தோம்.

சிரிக்க முடியாத விஷயமும் உண்டு. ஊர் பெயர் வேண்டாம். ஒரு சிறிய ஸ்டேஷனில் கிணற்று மோட்டார் எரிந்து போய் மூன்று வருஷம் பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் வரவில்லை. காலை வண்டிக்குத் தயிர்ப் பானையோடும் காய்க் கூடையோடும் வரும் பெண்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டு கேட் வீட்டுக்குப் போவார்கள். அந்த ஸ்டேஷனிலிருந்து எத்தனையோ கடிதம் போனது. நிதி இல்லை, டெண்டர் வரவில்லை, முடியாது என்றுதான் பதில் வந்தது. இன்ஸ்பெக்ஷன் ஸ்பெஷல் அங்கே பத்து நிமிஷம் நிற்கும் என்று புரோகிராம் வந்ததும் மூன்றே நாளில் புது மோட்டார் வந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. ஸ்பெஷல் வந்தது, போனது. அடுத்த வாரம் மோட்டாரைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதைச் சொன்னால் சில நண்பர்கள், “பெரியவர்கள் வந்தால்தானே இந்த அளவாவது நடக்கிறது, வரட்டுமே” என்பார்கள். நியாயமான பேச்சுதான். அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் செய்த தண்டவாள வேலை சுத்தமான வேலை. அதனால் எல்லா வண்டிகளுக்கும் பாதுகாப்புக் கூடியது. தேதி குறித்து நெருக்கினால் பணமும் பொருளும் வருகின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. மூன்று நாளில் மோட்டார் வைக்க முடிந்தது என்றால், மூன்று வருஷமாக முடியாது என்று சொன்னது பொய் என்று ஆகிறது. முடியாமை இல்லை, மனமின்மைதான். ஆகையால் பெரியவர் வருகையை நான் வெறுக்கவில்லை. ஒரு ஸ்டேஷனால் என்னென்ன முடியும் என்று அதிகாரிகளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காட்டும் நாள் அது. அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அதே அளவை மறுநாளும் கேட்க வேண்டும் என்கிறேன்.

நம் எல்லை ஸ்டேஷன்கள்

இது ஏன் நமக்கு முக்கியம்? நாம் எல்லையில் வாழ்கிறவர்கள். 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன, செங்கோட்டை தமிழ்நாட்டுக்குப் போனது. காகிதத்தில் கோடு போட்டாயிற்று. ஆனால் நமக்குக் கல்யாணமும் கருமாதியும் குலதெய்வக் கொடையும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். இரண்டு பக்கத்தையும் இணைப்பது பஸ்ஸும் ரயிலும். எல்லை ஸ்டேஷன் என்றால் இரண்டு மாநிலத்துக்கும் அது கடைசி ஸ்டேஷன். கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும் என்று நமக்குத் தெரியும்.

பாலக்காடு - பொள்ளாச்சிப் பாதையைப் பாருங்கள். 1932ல் திறந்த மீட்டர்கேஜ் பாதை. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். முதலமடையின் ஆலமரங்களைப் பார்த்துவிட்டு சினிமாக்காரர்கள் படம் பிடிக்க வருவார்கள். மீட்டர்கேஜ் நாளில் அந்த வழியாகப் பழனிக்கும் மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேராகப் போகலாம். அகலப்பாதையாக்க 2008 டிசம்பரில் மூடினார்கள். 2015 நவம்பரில் திறந்தார்கள். ஏறக்குறைய ஏழு வருஷம். பாதை அகலமாயிற்று, ஆனால் நம் ஜனங்கள் ஏறி இறங்கும் சாதாரண வண்டிகள் அந்த அகலத்துக்கு ஏற்றபடி பெருகவில்லை என்பது பயணிகள் சங்கங்களின் நெடுநாள் குறை. மூடிக் கிடந்த ஏழு வருஷத்தில் ஜனம் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. பிறகு கூட்டம் இல்லை என்பதே வண்டி விடாததற்குக் காரணமாகிவிடும். வுல்ஃபர்ட்டன் கதை நமக்கும் நடக்காது என்று யார் சொல்ல முடியும்?

இடுக்கியின் நிலை இன்னும் மோசம். அந்த மாவட்டத்தில் இன்று ஓர் அடி தண்டவாளம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது என்பது இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல நேரோகேஜ் ரயில் போட்டார்கள். குண்டளை ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் போகும். 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துப் போய்விட்டது. திரும்பப் போடவே இல்லை. கம்பெனிக்குத் தேயிலை இறங்க ரோடு கிடைத்தது, தேயிலை கிள்ளிய ஜனத்துக்காக ஒரு ரயில் வேண்டும் என்று கேட்க அன்று ஆள் இல்லை.

ஆகவே இடுக்கித் தமிழர்களுக்கு ரயில் என்றால் 1928ல் திறந்த போடி ஸ்டேஷன்தான். மூணாறிலிருந்து மலைப்பாதையில் சுமார் 70 கிலோமீட்டர். அந்தப் பாதையும் அகலமாக்குவதற்காக 2010 முடிவில் மூடப்பட்டு, தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூன் மாதமும்தான் திறந்தது. பன்னிரண்டு வருஷம்! இந்த இடைவெளியில்தான் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. எழுபது பேர் போனார்கள். அவர்களில் மிகப் பலரின் பூர்வீகம் கயத்தாறு, அதாவது மணியாச்சிக்குப் பக்கத்து ஊர். கொரோனாவால் மற்ற வண்டிகளும் நின்றிருந்த காலம் அது. கயத்தாற்றிலிருந்து சொந்தக்காரர்கள் எப்படி மலையேறி வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இளவரசருக்காகப் பாதையைத் திறப்பு நாளுக்கு மூன்று வாரம் முன்பே ஓடவைக்க முடிந்த நாட்டில், ஒரு மாவட்டத்து ஜனத்துக்கான ஒரே பாதையை அகலப்படுத்தப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

2023 ஜூனில் போடிக்கு முதல் அகலப்பாதை வண்டி வந்தபோது மேளதாளம், மாலை, கொடி எல்லாம் இருந்தன. இருக்கட்டும், அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். ஆனால் கொடி அசைத்தவர்கள் போய்விட்டார்கள். மூணாறிலிருந்து காலை பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வண்டி பிடிக்க நேரம் ஒத்துவருகிறதா, இரவில் இறங்கும் பெண்பிள்ளைகள் ஸ்டேஷனில் பத்திரமாகத் தங்க இடம் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று இனிமேல் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே நம் சங்கத்துக்கும் குடும்பங்களுக்கும் சில யோசனைகள்.

முதலாவது, எந்த ஸ்டேஷனில் ஏறுகிறோமோ அந்த ஸ்டேஷனில் டிக்கெட் எடுங்கள். ஒரு ஸ்டேஷனின் வருமானத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் வைத்துத்தான் அதன் தரத்தை ரயில்வே நிர்ணயிக்கிறது. கொல்லங்கோட்டில் ஏறிவிட்டு டிக்கெட் பாலக்காட்டிலிருந்து இருந்தால் கொல்லங்கோட்டுக் கணக்கில் நீங்கள் பிறக்கவே இல்லை. கொரோனாவுக்குப் பின் எக்ஸ்பிரஸ் கட்டணமாக்கிப் பத்து ரூபாயிலிருந்து முப்பதாக ஏற்றிய பாசஞ்சர் வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணத்தை 2024ல் மறுபடி பத்து ரூபாயாக்கினார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெரியவர்கள் வரும் நாளில் மாலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர், கழிப்பறை, வண்டி நேரம் என்று மூன்றே மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முப்பது விஷயம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். தமிழில் மட்டும் எழுதாமல் மலையாளத்திலும் எழுதி, பக்கத்து வீட்டு மலையாளி நண்பர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். தாகத்துக்கு மொழி கிடையாது, அவர்களுக்கும் அதே குழாய்தான்.

மூன்றாவது, மிக முக்கியமானது. சரியாக ஒரு மாதம் கழித்து இரண்டு பேர் அதே ஸ்டேஷனுக்குப் போய், அன்று இருந்தது இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிகிறதா, குழாய் வருகிறதா, பெஞ்சு இருக்கிறதா. இல்லையென்றால் தேதியோடு புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், 139க்குச் சொல்லுங்கள், டிவிஷன் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபமாக எழுதிய கடிதத்தைவிடத் தேதியோடு எழுதிய கடிதத்துக்குத்தான் அலுவலகத்தில் பயம்.

நான்காவது, பிள்ளைகளை லீவில் ஊருக்கு அழைத்துப் போகும்போது ஒரு தடவையாவது இந்தச் சின்ன ஸ்டேஷன்கள் வழியாக அழைத்துப் போங்கள். மணியாச்சியில் இறங்கிக் காட்டுங்கள். இளவரசர் வந்ததையும் சொல்லுங்கள், வாஞ்சி சுட்டதையும் சொல்லுங்கள். அதோடு, உன் பாட்டனின் பாட்டன் தலையில் மூட்டையோடு வண்டி மாறியதும் இந்த மாதிரி ஸ்டேஷனில்தான் என்பதையும் சொல்லுங்கள். மூன்றில் அதுதான் பெரிய சரித்திரம்.

காந்தியடிகள் 1917ல் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவதியை எழுதினார். தானே அந்தப் பெட்டிகளில் போய்ப் பார்த்து எழுதினார். 1974ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பெயரை எடுப்பது பி.டபிள்யூ.ஐ.யைச் செக்ஷன் இன்ஜினியர் ஆக்கிய மாதிரிதான். அந்தப் பெட்டியில் போகிறவருக்குத் தண்ணீரும் மரியாதையும் கிடைத்தால்தான் அது உண்மையில் எடுபட்டதாகும். குடியரசு நாட்டில் டிக்கெட் எடுத்த ஒவ்வொருவரும் ராஜாதான் என்று மேடையில் பேசுகிறோம். அப்படியானால் நம் கொல்லங்கோட்டுக்கும் போடிக்கும் தினமும் ராஜா வருகைதான். சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், குழாயில் தண்ணீர் வந்தால் போதும்.